ஐம்பது கேபிக்குள் ஒரு விதைக்கடை: புதிதாக வலைப்பக்கம் வடிவமைப்பவர்களுக்கு

என் மாமா காய்கறி விதைக்கடை வைத்திருக்கிறார். கத்தரி, வெண்டை, மிளகாய், பீர்க்கு, புடலை, சுரை, அவரை என்று மொத்தம் பதினெட்டு வகை. ஆடி பிறந்துவிட்டால் காலை ஆறு மணிக்கே போன் அடிக்க ஆரம்பிக்கும். "நாட்டுக் கத்தரி இருக்கா? பாக்கெட் எவ்வளவு? எத்தனை நாள்ல காய்க்கும்?" எல்லோரும் கேட்பது இந்த மூன்றுதான். பதில் சொல்லிச் சொல்லித் தொண்டை கட்டிப்போய், "மாப்ள, இதையெல்லாம் போன்லயே பாத்துக்கிற மாதிரி ஒண்ணு செஞ்சு குடுடா" என்றார்.

செய்தேன். மேலே தானாக நகரும் மூன்று பெரிய படங்கள், வளைவு வளைவாக ஓர் எழுத்துரு, மவுஸைக் கொண்டுபோனால் விரியும் மெனு. என் லேப்டாப்பில் நன்றாகவே இருந்தது. ஊருக்கு வெளியே கிணற்றடியில் நின்று ஒருவர் திறந்தபோது வெள்ளைத் திரைதான் வந்தது. அரை நிமிடம் பார்த்தார், மூடினார், வழக்கம்போல மாமாவுக்கே போன் போட்டார். நான் ஒரு மாதம் உழைத்த பக்கம் அவருக்கு எதையுமே காட்டவில்லை.

அப்புறம் இரண்டாவதாக ஒன்று செய்தேன். அது இன்றுவரை ஓடுகிறது. இந்தத் தடவை என்னென்ன முடியாது என்பதை முதலில் எழுதிவைத்தேன். பக்கத்தின் நிறம், எழுத்தின் அளவு, ஏன், தலைப்பில் வரும் சொல்கூட அந்தப் பட்டியலிலிருந்துதான் வந்தது. நீங்களும் முதல் பக்கத்தை இந்த வழியில் செய்து பார்க்கலாம். பக்கத்தின் உள்ளடக்கத்தை எழுதும் எச்டிஎம்எல், அதன் தோற்றத்தைச் சொல்லும் சிஎஸ்எஸ் இரண்டும் கொஞ்சம் தெரிந்தால் போதும்.

முதல் படி: முடியாததை எழுதுங்கள்

வடிவமைப்பு மென்பொருளை இப்போது திறக்காதீர்கள். ஒரு தாளை எடுங்கள். யார் பார்க்கப்போகிறார்கள், எங்கே நின்று பார்ப்பார்கள், எந்தப் போனில், எதைத் தெரிந்துகொள்ள? இதை உட்கார்ந்த இடத்தில் யோசித்து எழுத வேண்டாம், போய்க் கேளுங்கள். நான் ஒரு சனிக்கிழமை முழுக்கக் கடையில் உட்கார்ந்து, வந்தவர்களிடம் போனைக் காட்டச் சொல்லிப் பார்த்தேன்.

என் தாளில் சேர்ந்தவை இவை. வயலில் சிக்னல் ஒரு கோடுதான், சில இடத்தில் அதுவும் இல்லை. போன் பழையது, திரையில் கீறல். பார்ப்பது வெட்டவெளி வெயிலில். கையில் மண், ஒரு கையால்தான் பிடிப்பார்கள், கட்டைவிரலால்தான் தொடுவார்கள். மூக்குக்கண்ணாடி வீட்டில் இருக்கும். படிப்பது தமிழ் மட்டும்.

இப்போது ஒவ்வொன்றுக்கும் எதிரே, அது பக்கத்தில் எதைத் தீர்மானிக்கிறது என்று எழுதுங்கள். சிக்னல் பக்கத்தின் எடையைத் தீர்மானிக்கிறது. வெயில் நிறத்தை. கட்டைவிரல் பொத்தானின் அளவை. வீட்டில் விட்டுவந்த கண்ணாடி எழுத்தின் அளவை. மவுஸ் பட்டால் விரியும் மெனு இந்தத் தாளிலேயே செத்துவிட்டது. தொடுதிரையில் மவுஸே கிடையாதே.

இரண்டாம் படி: எடைக்கு ஓர் உச்சவரம்பு வையுங்கள்

கிரோம் போன்ற உலாவிகளில் டெவலப்பர் கருவிகள் என்ற பகுதி உண்டு. அதில் நெட்வொர்க் என்ற தாவலைத் திறந்து பக்கத்தை மறுபடி ஏற்றினால், எத்தனை கோப்புகள் வந்தன, மொத்தம் எத்தனை கிலோபைட் (கேபி என்றே சொல்கிறேன்) என்று கீழே காட்டும். என் முதல் பக்கம் 5,000 கேபியைத் தாண்டியிருந்தது.

நொடிக்கு 400 கிலோபிட் கிடைக்கும் மெதுவான இணைப்பு என்று வைத்துக்கொள்வோம். எட்டுப் பிட் ஒரு பைட், ஆக நொடிக்கு 50 கேபி. என் பக்கம் முழுதாக வர நூறு நொடி. கிணற்றடியில் நின்றவர் அரை நிமிடம் பொறுத்ததே பெரிய விஷயம்.

இரண்டாவது பக்கத்துக்கு ஒரே விதி வைத்தேன்: எல்லாம் சேர்ந்து 50 கேபி. அந்த இணைப்பில் ஒரு நொடி. இந்த எண்ணைத் தாளின் தலையில் பெரிதாக எழுதி வைத்துக்கொள்ளுங்கள். வீட்டுச் செலவுக் கணக்கு போலத்தான் இதுவும். படத்துக்கு இவ்வளவு கொடுத்தால் எழுத்துருவுக்கு இவ்வளவுதான் மிஞ்சும்.

இணையத்தில் இது ஒன்றும் புதிய கணக்கு அல்ல. 1990களின் நடுவில் வீட்டுத் தொலைபேசிக் கம்பியில் ஓடிய மோடம் ஒன்று நொடிக்கு 28.8 கிலோபிட் கொடுத்தது, அதாவது 3.6 கேபி. இன்று போனில் எடுக்கும் 4,000 கேபி படம் ஒன்று அதில் வர பதினெட்டு நிமிடத்துக்கு மேல் ஆகும். அன்றைய வடிவமைப்பாளர்கள் ஒரு சின்னச் சதுரப் படத்தை எடுத்து, ஓடு பதிப்பதுபோலப் பக்கம் முழுக்க அடுக்கினார்கள். ஒரு கேபி படம் திரை முழுக்கப் பின்னணியாக விரிந்துவிடும். அந்தக் காலப் பக்கங்களில் திரும்பத் திரும்ப வரும் நட்சத்திரமும் சுவர்க்காகித வடிவமும் அந்தக் கம்பி போட்ட கட்டுப்பாட்டில் பிறந்தவை.

இன்னொரு எண்ணும் தெரிந்திருக்கட்டும். சர்வர் (பக்கத்தை வைத்திருந்து அனுப்பும் கணினி) உங்களுக்கு ஒரு கோப்பை அனுப்பும்போது மொத்தத்தையும் ஒரே மூச்சில் கொட்டாது. பெரும்பாலான சர்வர்கள் முதல் தவணையில் பத்துப் பொட்டலம் அனுப்பும். ஒன்றில் 1,460 பைட் வரை. "வந்து சேர்ந்தது" என்று போன் பதில் சொன்ன பிறகுதான் அடுத்த தவணை. அதனால் முதல் 14 கேபிக்குள் கடைப் பெயரும் விலைப்பட்டியலின் தொடக்கமும் வந்துவிட்டால், சிக்னல் பாதியில் போனாலும் படிக்க ஏதோ ஒன்று கையில் இருக்கும். சிஎஸ்எஸ்ஸைத் தனிக் கோப்பாக வைக்காமல் எச்டிஎம்எல்லின் தலைப்பகுதியிலேயே நான் எழுதியது இதற்காகத்தான். தனிக் கோப்பு என்றால் அதற்கென ஒரு தனிப் பயணம். பல பக்கங்கள் கொண்ட தளத்துக்குத் தனிக் கோப்புதான் சரி. ஒற்றைப் பக்கத்துக்கு வேண்டாம்.

மூன்றாம் படி: நிறமும் படமும் இல்லாமல் முதலில் எழுதுங்கள்

வெறும் எச்டிஎம்எல். தலைப்பு, பத்தி, பட்டியல், சுட்டி. வேறெதுவும் வேண்டாம். வலையை உருவாக்கிய டிம் பெர்னர்ஸ்-லீ 1991ல் ஐரோப்பாவின் செர்ன் இயற்பியல் ஆய்வகத்திலிருந்து வெளியிட்ட முதல் வலைத்தளத்தில் இவ்வளவுதான் இருந்தது. அகலத்தை இறுக்கிப் பிடிக்க அதில் எதுவும் கிடையாது, அதனால் இன்றைக்கும் உலாவிச் சன்னலை எவ்வளவு சுருக்கினாலும் அதன் வரிகள் தாமாக மடிந்துகொள்ளும்.

இரண்டு மூன்று வரிகளை மறக்காமல் சேருங்கள். எழுத்துக் குறியாக்கம் (எழுத்துகளைக் கணினி எண்களாகச் சேமிக்கும் முறை) யுடிஎஃப்-8 என்று தலைப்பகுதியில் அறிவியுங்கள். இல்லாவிட்டால் சில இடங்களில் தமிழுக்குப் பதிலாக, தலையில் கோடு போட்ட ரோமன் எழுத்துகள் வரிசையாக வந்து நிற்கும். மொழி தமிழ் என்பதற்கு டிஏ என்ற குறியீட்டைக் கொடுங்கள். உரக்க வாசித்துக் காட்டும் மென்பொருள் அதைப் பார்த்துத்தான் எந்தக் குரலில் படிப்பது என்று முடிவு செய்கிறது. அப்புறம் வியூபோர்ட் வரி. 2007ல் ஐபோன் வந்தபோது பெரும்பாலான பக்கங்கள் பெரிய திரைக்கே செய்யப்பட்டிருந்தன. அதனால் அந்தச் சின்னப் போன் தன் அகலம் 980 பிக்சல் (திரைப் புள்ளி) என்று பாவனை செய்து, முழுப் பக்கத்தையும் எறும்பு அளவுக்குச் சுருக்கிக் காட்டியது. "பாவனை வேண்டாம், உன் உண்மையான அகலத்தையே எடுத்துக்கொள்" என்று போனுக்குச் சொல்வது இந்த வரிதான்.

இந்த நிலையிலேயே பக்கத்தைப் போனில் திறந்து பாருங்கள். நிறமே இல்லாமல் வாடிக்கையாளரின் மூன்று கேள்விக்கும் பதில் கிடைக்கிறதா? கிடைக்காவிட்டால் அலங்காரம் காப்பாற்றாது. என் பக்கத்தில் "எங்களைப் பற்றி" என்று எட்டு வரி மேலே நின்றது. தூக்கிக் கடைசியில் போட்டேன்.

நான்காம் படி: தமிழ் எழுத்தோடு உட்காருங்கள்

அதிக நேரம் செலவழிக்க வேண்டிய இடம் இதுதான். வடிவமைப்புப் பாடங்கள் பெரும்பாலும் ஆங்கில எழுத்தை மனதில் வைத்தே எழுதப்படுகின்றன. அப்படியே எடுத்துப் போட்டால் தமிழ் மூச்சுத்திணறும்.

முதலில் எடை. யுடிஎஃப்-8 குறியாக்கத்தில் ஆங்கில எழுத்து ஒன்றுக்கு ஒரு பைட். தமிழில் ஒவ்வொரு குறிக்கும் மூன்று பைட். "விதை" என்ற சொல்லில் வ, இகரக் குறி, த, ஐகாரக் குறி என்று நான்கு குறிகள், ஆகப் பன்னிரண்டு பைட். பயப்பட வேண்டாம். தமிழின் எல்லாக் குறிகளுக்கும் முதல் பைட் ஒன்றேதான், இரண்டாவது பைட்டும் இரண்டே வகைதான். ஒரே மாதிரி திரும்பத் திரும்ப வருவதால் சர்வரின் ஜிசிப் சுருக்கம் இதை நன்றாக அமுக்கிவிடும். ஜிசிப் இயங்குகிறதா என்று மட்டும் சரிபாருங்கள். இயங்கினால் எழுத்தைக் குறைக்க வேண்டிய தேவையே வராது.

அடுத்தது எழுத்துரு. வாசகரின் போனிலேயே தமிழ் எழுத்துரு ஒன்று இருக்கிறது. பெரும்பாலான ஆண்ட்ராய்டில் நோட்டோ சான்ஸ் தமிழ், விண்டோஸில் நிர்மலா யூஐ, ஐபோனில் தமிழ் சங்கம் எம்என். கடைசியில் இருக்கும் எம்என், அதை உருவாக்கிய மலேசியாவின் முத்து நெடுமாறனைக் குறிக்கிறது. சிஎஸ்எஸ்ஸில் சான்ஸ்-செரிஃப் என்று மட்டும் சொன்னால் போன் தன்னிடம் இருப்பதை எடுத்துக்கொள்ளும். எடை பூஜ்யம்.

"எல்லோருக்கும் ஒரே மாதிரி இருக்காதே" என்பீர்கள். இருக்காது. அதற்காக எழுத்துருவை அனுப்பினால், அது வந்து சேரும்வரை எழுத்தே தெரியாமல் போகலாம், அல்லது தெரிந்த எழுத்து திடீரென்று மாறி வரிகள் குதிக்கலாம். அனுப்பியே ஆக வேண்டும் என்றால் வோஃப்2 என்ற சுருக்கிய எழுத்துருக் கோப்பு வடிவத்தில், ஒரே ஒரு தடிமனில், ஃபான்ட்-டிஸ்ப்ளே என்ற பண்புக்கு ஸ்வாப் என்று கொடுத்து அனுப்புங்கள். அப்போது முதலில் போனின் எழுத்தில் தெரிந்து, பிறகு மாறும். என் 50 கேபியில் அதற்கு இடமில்லை. ஆனாலும் கடையின் பெயர் மட்டும் தனித்துத் தெரிய வேண்டும் என்ற ஆசை போகவில்லை.

மாமா கடையின் போர்டு பழைய கையெழுத்து ஓவியர் ஒருவர் எழுதியது. 'வி' எழுத்தின் மேல்விலங்கு வலப்பக்கம் இறங்கி ஒரு முளை போலச் சுருண்டு நிற்கும். அந்த போர்டைப் படமெடுத்து, இங்க்ஸ்கேப் மென்பொருளில் அதன் மேலேயே கோடு இழுத்து எஸ்விஜி கோப்பாக மாற்றினேன். எஸ்விஜி என்பது புள்ளிகளால் ஆன படம் அல்ல. "இங்கிருந்து அங்கே வளை" என்ற கட்டளைகளின் தொகுப்பு. அதனால் மொத்தமே நான்கு கேபி, எவ்வளவு பெரிதாக்கினாலும் ஓரம் கலங்காது. எழுத்துருவுக்கு எடையில் இடமில்லாததால்தான் அந்த ஓவியரின் கை பக்கத்துக்குள் வந்தது. எந்த எழுத்துருவைத் தேடி எடுத்திருந்தாலும் கடையின் முகம் இவ்வளவு சரியாக அமைந்திருக்காது.

ஒரு எச்சரிக்கை: இது கடைப் பெயர் ஒன்றுக்கு மட்டும் கொடுத்த சலுகை, அதற்கும் மாற்று உரையாகப் பெயரை எழுத்தில் கொடுத்திருக்கிறேன். விலைப்பட்டியலைப் போஸ்டர் படமாகப் போடும் பழக்கம் நம்மிடம் நிறைய இருக்கிறது. அதன் வேர் பழையது. எல்லா மொழி எழுத்துகளுக்கும் பொதுவான யூனிகோடு என்ற எண்முறை பரவுவதற்கு முன், தமிழ் இணைய இதழ்கள் ஆளுக்கொரு எழுத்துருவும் குறியாக்கமும் வைத்திருந்தன. அந்த எழுத்துருவை இறக்கி நிறுவாவிட்டால் பக்கம் புரியாத குறிகளாகத் தெரியும். அதனால் தலைப்புகளைப் படமாகவே போட்டார்கள். டிஸ்கி என்ற குறியாக்கத்தில் இருந்த 256 இடங்களில் பாதி ஆங்கிலத்துக்குப் போக, மிச்சம் 128 இடத்துக்குள் 247 எழுத்துகளையும் எப்படி அடக்குவது என்று அறிஞர்கள் மண்டையை உடைத்துக்கொண்டார்கள். கொம்பையும் காலையும் பிரித்து வைத்து, உருவமே மாறுகிற கு, கூ வரிசைக்குத் தனி இடம் கொடுத்து அடக்கினார்கள். அந்தத் தடை இன்று இல்லை. படத்திலிருக்கும் எழுத்தைத் தேட முடியாது, பெரிதாக்கினால் வரி மடியாது, பார்வையற்றவருக்கு மென்பொருள் வாசித்துக் காட்ட முடியாது. எழுத்தை எழுத்தாகவே போடுங்கள்.

இனி அளவு. ண, ன, ற, ழ இவற்றின் சுழிகள் சின்ன அளவில் அடைத்துக்கொள்ளும். 1996ல் மைக்ரோசாஃப்ட் வெளியிட்ட வெர்டானா எழுத்துருவை வடிவமைத்த மேத்யூ கார்ட்டர், வழக்கத்துக்கு மாறாக முதலில் திரைப் புள்ளிகளில் எழுத்தை வரைந்து, பிறகுதான் அதற்கேற்ப வளைகோடுகளை இழுத்தார். திரை கரடுமுரடாக இருந்தது. எழுத்து அதற்கேற்ப அகலமாகவும் இடைவெளி விட்டும் பிறந்தது. நமக்கு எழுத்தை வரையும் வேலை இல்லை, அளவைக் கூட்டினால் போதும். ஆங்கிலத்துக்கு 16 பிக்சல் வழக்கம் என்றால் தமிழுக்கு 18க்குக் குறையாதீர்கள். பிக்சலில் எழுதாமல், வாசகர் வைத்திருக்கும் அடிப்படை எழுத்தளவை ஒட்டி மாறும் ரெம் என்ற அலகில் எழுதுங்கள், காரணம் கடைசிப் படியில் வரும்.

வரி இடைவெளி ஆங்கிலப் பாடங்களில் 1.4, 1.5 என்று இருக்கும். தமிழில் மேலே 'கி', 'கீ' விலங்கு ஏறும், கீழே 'கூ', 'ழு' இறங்கும். மேல் வரியின் அடியும் கீழ் வரியின் விலங்கும் முட்டிக்கொள்ளாமல் இருக்க 1.7 வையுங்கள்.

தமிழில் பெரிய எழுத்து, சின்ன எழுத்து என்று இல்லை. சாய்வெழுத்தும் நம் மரபில் கிடையாது. உலாவி எழுத்தைப் பிடித்துச் செயற்கையாகச் சாய்க்கும், பார்க்கவே சங்கடமாக இருக்கும். எழுத்துருவில் தடித்த வடிவம் இல்லாதபோது தடிமன் கேட்டால் மையை அப்பியதுபோல வரும். ஆக, ஆங்கில வடிவமைப்பாளர் ஒன்றை எடுத்துக்காட்டக் கையாளும் உத்திகளில் பல நமக்கு இல்லை. மீதம் இருப்பவை அளவு, இடைவெளி, நிறம், சொல். நான் துணைத்தலைப்புகளுக்கு அளவை ரொம்பக் கூட்டாமல், மேலே இரண்டு வரி வெற்றிடம் விட்டேன். வெற்றிடத்துக்கு எடை கிடையாது.

சொல் என்றேன் அல்லவா, அதையும் பார்ப்போம். 360 பிக்சல் அகலமுள்ள போனில், 34 பிக்சல் அளவில், "ஆடிப்பட்டத்திற்கேற்ற காய்கறி விதைகள்" என்று தலைப்பு வைத்திருந்தேன். முதல் சொல்லில் மட்டும் பன்னிரண்டு எழுத்து. அது திரையைத் தாண்டி வெளியே நீட்டி, பக்கம் முழுவதையும் பக்கவாட்டில் ஆட வைத்தது. எழுத்தைச் சுருக்கலாம், ஆனால் கண்ணாடி வீட்டில் இருக்கிறது. சொல்லை எங்கேயாவது உடைக்கச் சொல்லலாம், "ஆடிப்பட்டத்திற்கே" என்று ஒரு வரியும் "ற்ற" என்று அடுத்த வரியும் வரும். அதைப் பார்க்கச் சகிக்கவில்லை. கடைசியில் தலைப்பையே மாற்றினேன்: "ஆடியில் விதைக்க". கடையில் கேட்பவர்களும் அப்படித்தான் கேட்கிறார்கள். திரை இடம் கொடுக்காததால் தலைப்பு பேச்சுக்குப் பக்கத்தில் வந்து நின்றது. மெனுவில் "தொடர்புகொள்வதற்கான விவரங்கள்" இருந்த இடத்தில் "போன் செய்ய" வந்ததும் இதே வழியில்தான்.

பத்திகளை இருபுறமும் நேராக்கும் ஜஸ்டிஃபை மட்டும் வேண்டவே வேண்டாம். நீண்ட சொற்கள் கொண்ட மொழி, ஒரு போன் வரியில் மூன்று நான்கு சொல்தான் நிற்கும். அவற்றை இழுத்து ஓரம் சேர்த்தால் நடுவில் பள்ளம் பள்ளமாகத் தெரியும். இடப்பக்கம் சேர்த்துவிட்டு வலப்பக்கத்தை அதன் போக்கில் விடுங்கள்.

ஐந்தாம் படி: நிறத்தை வெயிலில் வைத்துத் தேர்ந்தெடுங்கள்

ஒரு காலத்தில் பெரும்பாலான கணினித் திரைகள் ஒரே நேரத்தில் 256 நிறம்தான் காட்டும். அதிலும் எல்லாக் கணினிகளிலும் ஒரே மாதிரி தெரியும் என்று நம்பி எடுத்தது 216. சிவப்பு, பச்சை, நீலம் ஒவ்வொன்றுக்கும் ஆறு படிகள், ஆறு ஆறு ஆறு பெருக்கினால் 216. நம் உயிர்மெய்யும் 216 என்பது எனக்கு எப்போதும் பிடித்த தற்செயல். அந்த 216ஐ மீறினால் திரை நிறத்தைப் புள்ளி புள்ளியாகக் கலந்து காட்டும், அதனால் அந்தக் காலப் பக்கங்களில் அழுத்தமான தட்டை நிறங்களே அதிகம்.

இன்றைய போன் கோடிக்கணக்கான நிறங்களைக் காட்டும். வெயிலில் அதில் பாதி காணாமல் போகும். வெளிர்சாம்பல் எழுத்து, பாலேடு நிறப் பின்னணி எல்லாம் ஏசி அறைக்குத்தான் சரி. எழுத்துக்கும் பின்னணிக்கும் உள்ள வெளிச்ச வேறுபாட்டை ஒரு விகிதமாகச் சொல்வார்கள். சாதாரண அளவு எழுத்துக்குக் குறைந்தது 4.5:1 என்பது வலை அணுகல் வழிகாட்டுதல். வெள்ளையில் கறுப்பு 21:1. டெவலப்பர் கருவியில் நிறத்தைத் தொட்டால் இந்த விகிதத்தைக் காட்டும்.

மாமா விதைப் பாக்கெட்டுகளை மஞ்சள் பையில் போட்டுக் கொடுப்பார். அந்த மஞ்சள் பக்கத்தில் இருக்க வேண்டும் என்றார். சிவப்பு 255, பச்சை 204, நீலம் 0 என்று ஒரு மஞ்சளை எடுத்தேன் (அந்தப் பழைய 216க்குள் இருக்கும் நிறம்தான்). வெள்ளையின் மேல் அந்த மஞ்சளில் எழுதினால் விகிதம் ஒன்றரைக்கு ஒன்றுதான், வெயிலில் எழுத்தே தெரியாது. அதையே தரையாக்கி மேலே கறுப்பில் எழுதினால் ஏறத்தாழ 14:1. ஆகவே மஞ்சள் எழுத்து வேண்டாம், மஞ்சள் பட்டை. மேலே ஒரு பட்டை, கீழே போன் பொத்தான். வேறு நிறமே இல்லை. மத்தியானம் பன்னிரண்டு மணிக்குத் தெருவில் நின்று பார்த்தோம், பளிச்சென்று தெரிந்தது.

ஆறாம் படி: படம் கடைசியில்

பதினெட்டு காய்க்கும் புகைப்படம் போட்டால் 50 கேபியில் அடங்காது. எழுத்துப் படிக்கத் தெரியாதவரும் கடைக்கு வருகிறார், அவருக்குப் படம் வேண்டும். அதனால் ஒரே கனமுள்ள கறுப்புக் கோட்டில் ஒவ்வொரு காயையும் வரைந்தேன். வெண்டைக்கு ஐந்து பட்டைக் கோடு, பீர்க்குக்கு வரப்பு, புடலைக்கு ஒரு நெளிவு. எஸ்விஜியில் ஒன்று ஒரு கேபிக்கும் கீழே. வரையும்போது ஒன்று கவனித்தேன். புகைப்படத்தில் பீர்க்கும் புடலையும் சின்ன அளவில் ஒரே பச்சைக் கோடாகத்தான் தெரிந்தன. கோட்டுப்படத்தில் எது எதுவென்று உடனே தெரிகிறது. ஒரு காயை அந்தக் காயாக்குவது எது என்று தேடி அதை மட்டும் வரைய வேண்டியிருந்ததால் வந்த தெளிவு அது.

நிழலும் நுணுக்கமும் உள்ள புகைப்படத்துக்கு வெப்பி அல்லது ஜேபெக், தட்டையான கோட்டுப்படத்துக்கு எஸ்விஜி என்று நினைவில் வைத்தால் போதும். கடையின் முன்புறம் மட்டும் ஒரு புகைப்படம் போட்டேன், வெளியூரிலிருந்து வருபவர் அடையாளம் காண. 320 பிக்சல் அகலம், 12 கேபி. படத்தின் அகலத்தையும் உயரத்தையும் எச்டிஎம்எல்லில் எழுதிவிடுங்கள். எழுதாவிட்டால் படம் வந்திறங்கும்போது எழுத்து கீழே குதிக்கும், தொட வந்த விரல் வேறெங்கோ படும். கீழே இருக்கும் படத்துக்கு லோடிங் என்ற பண்பில் லேசி என்று கொடுத்தால், வாசகர் அங்கே இறங்கிப்போகும்போதுதான் அதை இறக்கும்.

ஏழாம் படி: அடுக்குங்கள்

போனுக்கு முதலில், ஒற்றை நெடுவரிசையாக. அப்புறம் இடம் கூடினால் இரண்டாக. 2010ல் வலை வடிவமைப்பாளர் ஈத்தன் மார்க்காட் இந்த நெகிழும் வடிவமைப்புக்கு ஒரு பெயரும் கொடுத்து விளக்கிய பிறகு இது பொது வழக்கமானது. பக்கத்தைக் கட்டங்களாகப் பிரிக்கும் சிஎஸ்எஸ் கிரிட் இருக்கும் இந்தக் காலத்தில் செய்வது எளிது. முன்பெல்லாம் எண்களை அடுக்குவதற்கான டேபிளை எடுத்து, முழுப் பக்கத்தையும் அதில் வெட்டி வெட்டி வைத்தார்கள், வேறு கருவி இல்லை. நாம் டேபிளை விலைக்கு மட்டும் வைத்துக்கொள்ளலாம்.

அந்த விலைப்பட்டியலில் பெயர், ரகம், எடை, விலை, காய்க்கும் நாள் என்று ஐந்து நெடுவரிசை வைத்திருந்தேன். போனில் கடைசி இரண்டும் வெளியே போய்விட்டன. கடைச் சுவரில் மாமா சாக்கட்டியால் எழுதும் பலகையைப் போய்ப் பார்த்தேன். இடப்பக்கம் பெயர், வலப்பக்கம் விலை, கீழே சின்னதாக "45 நாள், 10 கிராம்". பலகையும் குறுகல்தான், அவர் எப்போதோ தீர்த்துவிட்ட சிக்கல் அது. அதையே அப்படியே எடுத்துக்கொண்டேன்.

போன் பொத்தான் திரையின் அடியில், எப்போதும் அங்கேயே. உயரம் 48 பிக்சலுக்குக் குறையாமல். தொட்டவுடன் எண்ணை அழைக்கும்படி டெல் சுட்டி கொடுத்தால் போதும்.

எட்டாம் படி: எடுத்துக்கொண்டு வெளியே போங்கள்

டெவலப்பர் கருவியின் நெட்வொர்க் பகுதியில் வேகத்தைக் குறைக்கும் வசதி உண்டு. 3ஜி என்று வைத்துப் பாருங்கள். படங்களை நிறுத்திவிட்டுப் பாருங்கள். ஆனால் அத்தோடு நிறுத்தாதீர்கள். நான் கிணற்றடிக்கே போனேன். பக்கம் எனக்கு இரண்டு நொடியில் வந்தது. பக்கத்துத் தோட்டக்காரரிடம் கொடுத்தேன். அவர் போனில் எழுத்தளவை அமைப்பிலேயே கடைசிவரை பெரிதாக்கி வைத்திருந்தார். ரெம்மில் எழுதியதால் என் எழுத்தும் கூடவே வளர்ந்தது, வரிகள் ஒழுங்காக மடிந்தன. அடியிலிருந்த பொத்தான் மட்டும் "மாமாவுக்குப் போன் செய்ய" என்று மூன்று வரியாகி, திரையில் கால்வாசியை அடைத்துக்கொண்டு நின்றது. வரப்பில் நின்றபடியே அதை "போன் செய்ய" என்று மாற்றி ஏற்றினேன். அவர் மறுபடி திறந்து, மிளகாய் வரியைப் பார்த்துவிட்டு, கட்டைவிரலால் மஞ்சள் பட்டையைத் தொட்டார். மறுமுனையில் மாமா எடுத்ததும், "குண்டு மிளகா ரெண்டு பாக்கெட்டு எடுத்து வைங்கண்ணே, சாயந்தரம் வரேன்" என்றார். விலையையும் காய்க்கும் நாளையும் அவர் கேட்கவில்லை.